எம்.ஜே. கோபாலன்: ஒரு மாகாணப் பந்துவீச்சாளரின் கணக்கு

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். முதல்தர ஆட்டங்கள், அதாவது மாகாண, தேசிய அளவில் பல நாள் ஆடும் கிரிக்கெட், 78. விக்கெட்டுகள் 194, சராசரி 24-க்குச் சற்று மேல். ரன்கள் 2,916. ஆடிய டெஸ்ட் ஒன்று. அதில் எடுத்த விக்கெட்டும் ஒன்று.

இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர், பரவாயில்லாத ஆட்டக்காரர் என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் இன்னொன்றையும் சொல்வார்: "கையில் இருந்த ஒலிம்பிக் தங்கத்தை விட்டுவிட்டு இங்கிலாந்து போய் வெளியே உட்கார்ந்தவர்தானே?" இந்த இரண்டு பேச்சுமே கோபாலனுக்கு இழைக்கும் அநியாயம் என்று நினைக்கிறேன். அவர் பந்து வீசிய காலத்தில் ஒரு மாகாண ஆட்டக்காரனுக்கு ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் கிடைத்தது, இந்தியா எத்தனை டெஸ்ட் ஆடியது, அணியை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் வைக்காமல் அந்த எண்களைப் படிக்கவே முடியாது.

மொரப்பாக்கத்திலிருந்து சேப்பாக்கம்

மொரப்பாக்கம் ஜே. கோபாலன் 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர். ஊர் செங்கல்பட்டு மாவட்டம். வளர்ந்ததும் ஆடக் கற்றதும் திருவல்லிக்கேணியில். சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். ஆனால் அந்த நாளில் அந்த மைதானம் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குச் சொந்தமான இடம்.

அந்த வேலியைத் தாண்டும் வேலையைக் கோபாலனுக்கு ஒரு தலைமுறை முன்பே தொடங்கி வைத்தவர் புச்சி பாபு நாயுடு. சேப்பாக்கத்தில் ஆடப்போன இந்தியர்களுக்குப் பெவிலியனுக்குள் இடம் கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது பொறுக்காமல் 1888-இல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் நேருக்கு நேர் மோதும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று விரும்பியவரும் அவரே. அது நடப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1908-இல் காலமானார். 1915 முதல் அந்த ஆட்டம் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடந்தது. பிரசிடென்சி மேட்ச் என்று பெயர். ஊர் வாயில் அது பொங்கல் மேட்ச். மெட்ராஸில் ஒரு பந்துவீச்சாளன் பெயர் வாங்க வேண்டுமென்றால் அங்கேதான் வாங்க வேண்டும்.

எதிரணியில் சி.பி. ஜான்ஸ்டன் இருந்தார். கேம்பிரிட்ஜுக்கும் கென்ட் கவுண்டிக்கும் ஆடியவர். பர்மா ஷெல் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். கோபாலனின் திறமையை அடையாளம் கண்டவர் அவரே. பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று கிரிக்கெட் சோறு போடாது. ரயில்வேயோ, கம்பெனியோ, சமஸ்தானமோ ஒரு சம்பளம் கொடுத்து, ஆட்டம் வரும்போது விடுப்பும் கொடுத்தால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை இருபத்தைந்து வயதுக்கு மேலும் பந்தைத் தொட முடியும். கோபாலனுக்கு அந்த அடிமானம் கிடைத்தது. அதே திறமையோடு திருவல்லிக்கேணித் தெருக்களில் எத்தனை பேர் குமாஸ்தா வேலைக்குப் போய் ஆட்டத்தை மறந்தார்களோ, அதற்குக் கணக்கில்லை.

ஹாக்கிக்கு அவரை இழுத்தவர் ராபர்ட் சம்மர்ஹேஸ். அவரே ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடியவர். இப்படி ஒரே ஆள் இரண்டு ஆட்டங்களிலும் நாட்டளவுக்கு உயர்ந்தார். பிற்பாடு வந்த சிக்கலுக்கும் அதுவே வேர்.

கல்கத்தா, 1934

டக்ளஸ் ஜார்டின் தலைமையில் 1933-34 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. பம்பாயில் முதல் ஆட்டம் முடிந்து, ஜனவரி 5-ஆம் தேதி கல்கத்தாவில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியபோது கோபாலன் பதினொருவரில் ஒருவர். அவரோடு சேர்ந்து முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, திலாவர் உசேன் ஆகியோருக்கும் அதுதான் முதல் டெஸ்ட்.

இங்கிலாந்து 403 ரன் எடுத்தது. கோபாலன் 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட். இந்தியா 247-க்கு ஆட்டமிழந்து, மறுபடியும் ஆட வேண்டி வந்து 237 எடுத்தது. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ் 7 ரன்னில் 2 விக்கெட் என்று இருக்கும்போது நேரம் முடிந்தது. ஆட்டம் டிரா. கோபாலன் மட்டையோடு 11 நாட் அவுட், பிறகு 7. நானூறு ரன் குவிந்த இன்னிங்ஸில் 39 மட்டும் கொடுத்த அறிமுகக்காரரைத் தோற்றார் என்று சொல்ல முடியாது. பிரமாதம் என்றும் சொல்ல முடியாது. இன்னொரு வாய்ப்புக்கு நிச்சயம் தகுதியான பந்துவீச்சு.

அடுத்த டெஸ்ட் ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 10 அன்று. இடம் சேப்பாக்கம்! அந்த மைதானத்தின் முதல் டெஸ்ட். இந்தியாவின் முதன்மை வேகப்பந்துவீச்சாளர் முகமது நிசார் அந்த ஆட்டத்தில் இல்லை. ஆடுகளத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த உள்ளூர்க்காரர், ஒரு மாதம் முன்பு டெஸ்ட் ஆடியவர், அதே வேலையைச் செய்பவர். ஆனாலும் கோபாலனுக்கு இடமில்லை. அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் இந்தியா 202 ரன்னில் தோற்றது.

எனக்கு இந்த இடம்தான் இந்த வாழ்க்கையின் முக்கியமான இடமாகப் படுகிறது. எல்லோரும் 1936-ஐப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் கதவு சாத்தப்பட்டது 1934 பிப்ரவரியில், அவர் வீட்டு வாசலில்.

முதல் பந்து

அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அதே சேப்பாக்கத்தில், மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சி கோப்பை என்று நாம் இன்று சொல்லும் போட்டியின் முதல் ஆட்டம். அதற்கு முன்பு மாகாணத்துக்கு மாகாணம் மோதும் முறையான தேசியப் போட்டி இந்தியாவில் இல்லை. பெரிய போட்டி என்றால் பம்பாயில் மத அடிப்படையில் அணி பிரித்து ஆடியதுதான். "மெட்ராஸ்" என்ற பெயரில் ஓர் அணி களமிறங்கி, ஊருக்காக ஆடுவதற்கு 1934 தான் தொடக்கம். மெட்ராஸ் அணிக்குத் தலைவர் ஜான்ஸ்டன்.

புதுப்பந்து கோபாலன் கையில். எதிரே மைசூரின் என். கர்டிஸ். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை அப்படி வீசினார் கோபாலன்.

மைசூர் 48-க்குச் சுருண்டது. மெட்ராஸ் 130. மைசூர் திரும்ப ஆடி 59. இன்னிங்ஸ், 23 ரன் வெற்றி. எல்லாம் ஒரே நாளில். முதல் பந்து கோபாலனுடையது என்றாலும் அன்றைய நாள் இன்னொருவருடையது. இடக்கைச் சுழல் வீசிய ஏ.ஜி. ராம் சிங் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. பதினொரு விக்கெட், கொடுத்தது 35 ரன்.

ராம் சிங்கைப் பற்றி இங்கே நாலு வரி எழுதாமல் போக மனம் வரவில்லை. அமிர்தசரஸ் பூர்வீகம், பிறந்தது மெட்ராஸ். ரஞ்சி கோப்பையில் 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் முதலில் தொட்டவர் அவர். முதல்தர ஆட்டங்களில் 265 விக்கெட், சராசரி 18.56. டெஸ்ட் எத்தனை? பூஜ்ஜியம். அவர் பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார்கள். தகப்பனாருக்கு அந்தத் தொப்பி கிடைக்கவே இல்லை. கோபாலனின் ஒரே டெஸ்ட்டைக் குறைவு என்று சொல்பவர்கள், அதே அணியில் அவருக்குப் பக்கத்தில் நின்ற ராம் சிங்கின் பூஜ்ஜியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெட்ராஸில் விக்கெட் எடுப்பது வேறு, அது தேர்வாளர்கள் காதில் விழுவது வேறு.

அடுத்த ஆண்டே, 1935-36-இல், மெட்ராஸ் இறுதிப்போட்டிக்குப் போனது. பம்பாயிடம் தோற்றது.

இரண்டு கப்பல்

இனி 1936. அதற்குமுன் 1935-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து போனது. வழியில் ஆடியவற்றையும் சேர்த்து 48 ஆட்டம், 584 கோல். அதில் 201 தலைவர் தியான்சந்த் ஒருவர் அடித்தது. கோபாலன் அந்த அணியில் இருந்தார். 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கிய அணி அது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மூன்றாவது தங்கம் வரும் என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

அதே 1936 கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகிறது. இரண்டு அணியிலும் இடம் பெறும் நிலையில் இருந்தவர் கோபாலன். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது தெரிந்த பிறகு அதைத் தவறு என்று சொல்வது எளிது. அன்றைய கண்ணால் பார்க்க முயல்கிறேன். அவர் முதலில் கிரிக்கெட்டர். வேலை வாங்கிக் கொடுத்தவர் மெட்ராஸ் கிரிக்கெட் அணித் தலைவர். சேப்பாக்கத்தில் தன்னை விட்டுவிட்டு ஆடிய டெஸ்ட்டை அவர் மறந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். இங்கிலாந்தின் ஈரப்பதமான மே, ஜூன் மாதங்கள் மிதவேகப் பந்துவீச்சாளன் கனவு காணும் பருவம். நாலைந்து மாதம் நீளும் பயணம், ஏராளமான கவுண்டி ஆட்டங்கள், மூன்று டெஸ்ட். வயது இருபத்தேழு. ஒரு பந்துவீச்சாளன் தன்னை நிரூபிக்க வேறு என்ன கேட்பான்? நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதே கப்பலில்தான் ஏறியிருப்பேன்.

ஆனால் அந்த அணிக்குத் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார், விஸ்ஸி. செல்வாக்கால் தலைவரானவர். அணி இரண்டு மூன்று கோஷ்டியாகப் பிரிந்துகிடந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத், ஒரு வாக்குவாதத்துக்காக முதல் டெஸ்ட்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். இந்திய கிரிக்கெட்டில் அதைவிடக் கசப்பான பயணம் அதிகம் இல்லை. கோபாலனுக்கு மூன்று டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை.

முதல் இரண்டு டெஸ்ட்டில் அவரைச் சேர்க்காததற்கு ஆட்ட ரீதியான காரணம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நிசார், அமர் சிங், ஜஹாங்கிர் கான் என மூன்று வேகப்பந்துவீச்சாளர்கள் அவருக்கு முன்னால் இருந்தார்கள். நிசாரும் அமர் சிங்கும் புதுப்பந்தைப் பகிர்ந்துகொண்ட அந்த ஜோடிக்கு நிகராக இந்தியாவுக்குப் பல பத்தாண்டுகள் இன்னொரு ஜோடி வாய்க்கவில்லை. நிசார் 6 டெஸ்ட்டில் 25 விக்கெட், அமர் சிங் 7 டெஸ்ட்டில் 28. அவர்களை மீறி உள்ளே நுழைவது யாருக்கும் கடினம்.

ஓவலில் நடந்த மூன்றாவது டெஸ்ட் வேறு. அங்கே ஒரு மிதவேகப் பந்துவீச்சாளருக்குப் புதிதாக இடம் கொடுத்தார்கள். அது பாகா ஜிலானிக்குப் போனது. ஜிலானி லேசுப்பட்டவர் அல்ல. ரஞ்சி கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது. ஆனால் அந்த இடம் கிடைத்த விதம் பற்றி இன்றுவரை ஒரு பேச்சு உண்டு: இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவரான சி.கே. நாயுடுவைக் காலை உணவு மேசையில் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தியதற்கு விஸ்ஸி கொடுத்த பரிசு அது என்பார்கள். ஓவலில் ஹாமண்ட் 217, வொர்திங்டன் 128. இங்கிலாந்து 471-க்கு 8 விக்கெட்டில் டிக்ளேர் செய்தது. ஜிலானிக்கு விக்கெட் இல்லை. அது அவருக்கும் ஒரே டெஸ்ட்.

அந்த டெஸ்ட் தொடங்கிய தேதி 1936 ஆகஸ்ட் 15. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம் ஆகஸ்ட் 14-இல் நடந்திருக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் அதே 15-ஆம் தேதி நடந்தது. தியான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. முந்தைய ஆண்டு தன்னோடு நியூசிலாந்து வந்த தோழர்கள் பெர்லினில் கழுத்தில் பதக்கம் வாங்கிய அந்தச் சனிக்கிழமை, கோபாலன் லண்டனில் நடந்த டெஸ்ட்டில் ஆடவில்லை. இரண்டு களத்திலும் அவர் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு அந்தப் பயணத்தில் ஓர் ஆறுதல் உண்டு, அதுவும் இன்னொரு இரட்டை ஆட்டக்காரரால். புச்சி பாபுவின் மகன் சி. ராமசாமி; டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். நாற்பது வயதில் அந்தப் பயணத்தில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, 41 நாட் அவுட். இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல். நாற்பதில் கிடைத்த வாய்ப்பு முப்பதில் கிடைத்திருந்தால் என்ற கேள்வி அவருக்கும் பொருந்தும்.

ஏழு டெஸ்ட், பத்து வருட வெற்றிடம்

இப்போது முதலில் வைத்த எண்களுக்குத் திரும்புவோம்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல். அன்றுமுதல் 1936 முடிய ஆடிய டெஸ்ட்டுகள் மொத்தம் ஏழு. பிறகு 1946 ஜூன் வரை ஒன்றுகூட இல்லை, நடுவில் உலகப்போர். கோபாலனின் இருபத்து மூன்று வயதிலிருந்து முப்பத்தேழு வரை, அதாவது ஒரு வேகப்பந்துவீச்சாளனின் உடம்பு தாங்கும் காலம் முழுவதும், அவர் நாடு ஆடியதே ஏழு டெஸ்ட்தான். அதில் ஒன்று அவருடையது.

உள்ளூரிலும் நிலைமை அதுவே. ரஞ்சி கோப்பை அப்போது தோற்றால் வெளியே என்ற முறை. முதல் சுற்றில் தோற்றால் அந்த ஆண்டுக்கு ஒரே ஆட்டம். மண்டலத்துக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் முறை வந்தது 1957-58-இல். கோபாலன் ஓய்வு பெற்ற பிறகு. பொங்கல் மேட்ச் ஒன்று, ரஞ்சி ஒன்றிரண்டு, எப்போதாவது வெளிநாட்டு அணி வந்தால் அதோடு ஒன்று. ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 78 ஆட்டம் என்றால், இங்கிலாந்துப் பயணத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு மூன்று.

ஒப்பிட ஓர் ஆள் வேண்டும் என்றால் கல்கத்தா டெஸ்ட்டில் எதிரணியில் இருந்த யார்க்‌ஷயரின் ஹெட்லி வெரிட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1936 கோடையில் மட்டும் வெரிட்டி எடுத்த முதல்தர விக்கெட் 216. கோபாலன் வாழ்நாள் முழுவதும் எடுத்தது 194. வெரிட்டி உலகத்தின் மிகச் சிறந்த சுழற்பந்துவீச்சாளர்களில் ஒருவர்; திறமையை ஒப்பிட நான் இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு கோடையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கிடைத்தன, இன்னொருவருக்கு அத்தனை ஆட்டம் சேரப் பத்து வருடம் ஆனது. பந்துவீச்சு கையின் பழக்கம். சனிக்கிழமை கிளப் ஆட்டத்துக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவில் அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றி, ஆட்டத்துக்கு இரண்டரை விக்கெட் என்ற கணக்கைக் கால் நூற்றாண்டு இழுத்துப் போனவர் கோபாலன். சிறந்த பந்துவீச்சு 57 ரன்னுக்கு 7. மட்டையிலும் சராசரி ஏறத்தாழ 25. மெட்ராஸ் தடுமாறிய நாட்களில் பின்வரிசையில் உதவிய கை அது.

அவர் கடைசிக் காலத்தில் மெட்ராஸின் புதுப்பந்து இன்னொரு திருவல்லிக்கேணிக்காரரான சி.ஆர். ரங்காச்சாரி கைக்குப் போயிருந்தது. போலீஸ் வேலையில் இருந்த ரங்காச்சாரி 1948-இல் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். அவருக்கு நான்கு டெஸ்ட். மெட்ராஸ் முதன்முதலாக ரஞ்சி கோப்பையை வென்றது 1954-55-இல், இந்தூரில் ஹோல்கர் அணியைத் தோற்கடித்து. அதற்குள் கோபாலன் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். அந்த வெற்றிக்கு முதுகெலும்பாக இருந்தவர் ராம் சிங்கின் மகன் கிருபால் சிங்.

ஆட்டத்தை விட்டபின் கோபாலன் 1950-களில் தேசியத் தேர்வாளராக இருந்தார்.

பெயரில் ஒரு கோப்பை

அவர் ஆடத் தொடங்கி 25 ஆண்டு நிறைந்ததையொட்டி 1952-53-இல் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு போட்டி தொடங்கப்பட்டது: கோபாலன் கோப்பை. இலங்கை அன்று டெஸ்ட் நாடு அல்ல. கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கும் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் ஒரு நாள் ஆடிவிட்டுப் போவார்கள். அதைத் தவிர முறையான முதல்தர ஆட்டம் அந்த நாட்டுக்கு அரிது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நடந்த கோபாலன் கோப்பை ஆட்டங்கள், இலங்கையின் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு நிரந்தரமான முதல்தரக் களமாக இருந்தன. ஆண்டுக்கு மூன்று ஆட்டத்தோடு காலம் தள்ளிய ஒருவர் பெயரில், ஆட்டமே கிடைக்காமல் இருந்த ஒரு நாட்டுக்கு ஆட்டம் கிடைத்தது. இதைவிடப் பொருத்தமான மரியாதையை எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

1981-இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வந்தது. அந்த நாடு இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் 1982 செப்டம்பரில், சேப்பாக்கத்தில். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 அடித்தார், ஆட்டம் டிரா. கோபாலனுக்கு அப்போது 73 வயது. 2003 டிசம்பர் 21-இல் சென்னையில் அவர் இறந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர்தான்.